அலுமினியப் படகும் ஒரு சென் காசும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவிலே படகுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். "உங்க தொழிலைப் பத்தியே பேசுங்க" என்றார் தலைமையாசிரியர். பட்டறைக்காரனுக்குத் தெரிந்தது பட்டறைதானே! ஆகவே, பன்னிரண்டடி அலுமினியப் படகு ஒன்றைப் பழுது பார்ப்பது பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். காற்றுப் பட்டவுடனே தன்மேல் தானே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். இரும்பைப் போலத் துருவேறி உதிராது. அதனால்தான் "இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆகும், ஐயா!

ஆற்று முகத்துவாரத்தில் ஓடும் படகு ஒன்று ஒருமுறை என் பட்டறைக்கு வந்தது. அடித்தகட்டில் வட்டமாக ஓர் ஓட்டை. பாறையில் இடித்திருக்கும் என்றார் உரிமையாளர். பாறை இடித்தால் தகடு நெளியும், கிழியும், வட்டம் போடுமா? தரைப்பலகையைக் கழற்றினேன். சேற்றோடு சேறாக ஒட்டிக் கிடந்தது ஒரு சென் காசு! 2008-இல் கடைக் கணக்கை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டத் தொடங்கிய பிறகு நாம் கையில் தொடாத அதே செம்பு நிறக் காசுதான்.

உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு பேட்டரி உண்டாகிவிடுகிறது. மின்சாரம் ஓட ஓட, கரைந்து போவது அலுமினியம்தான். காசை எடுக்காமல் மேலே ஒட்டுப் போட்டிருந்தால், ஒட்டையும் அது தின்றிருக்கும். செம்பு கலந்த பாசித் தடுப்புச் சாயம், செம்பு உப்பு ஏற்றிய பலகை, இடையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைக்காமல் முறுக்கிய எஃகு போல்ட் எல்லாம் இதே இனம்தான்.

சரி, கண்ணுக்குத் தெரியாத ஒழுகலை எப்படிக் கண்டுபிடிப்பது? படகை மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, உள்ளே நாலு விரல் உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே சொட்டும் இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போடுங்கள். பெரும்பாலும் ரிவெட் தளர்ந்திருக்கும். பின்னால் கனமான இரும்பை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தட்டி இறுக்கலாம். தகட்டில் விரிசல் என்றால் அதன் நுனியில் சிறு துளை போட்ட பிறகே ஒட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் ஒட்டையும் தாண்டி ஓடும். வெல்டிங் எல்லோர் கைக்கும் அடங்காது. இரும்பு சிவந்து எச்சரிக்கை செய்யும். அலுமினியமோ நிறம் மாறாமலே 660 டிகிரியில் உருகிக் கொட்டிவிடும்.

இனி, படகை மாற்றி அமைக்கும் கதைக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, சிக்கிக்கொண்டவர்களைத் தன்னார்வலர்கள் படகு கொண்டுவந்து மீட்டதை நீங்கள் அறிவீர்கள். அதன் பிறகு எங்கள் வட்டார இளைஞர்கள் காசு சேர்த்து, பழைய படகு ஒன்றை வாங்கி வந்தார்கள்.

"அண்ணே, நடு இருக்கையை வெட்டி எடுத்துடுங்க. படுத்த படுக்கையா உள்ளவங்களைக் கிடத்த இடம் வேணும்" என்றார்கள்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இருக்கை உட்கார மட்டுமா இருக்கிறது? இரண்டு பக்கத் தகடுகளையும் விரியவிடாமல் பிடித்திருப்பது அது. படகு கவிழ்ந்தாலும் மூழ்கவிடாத நுரைக்கட்டியும் அதற்குள்ளேதான் இருக்கிறது. "தம்பி, இதை வெறுமனே வெட்டினால், காப்பாற்றப் போன இடத்தில் நோயாளியோடு நீங்களும் முழுகிப் போவீங்க" என்றேன். முகம் வாடிவிட்டது.

இருக்கைக்குள் பார்த்தால், பழைய நுரை தண்ணீரை உறிஞ்சிக் கனத்துக் கிடந்தது! ஒரு லிட்டர் இடத்தை நிரப்பும் நல்ல நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். பழைய இடத்தை அளந்து, அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் ஏறாத புது நுரையை, இரு பக்கமும் நீளவாட்டில் பெட்டி அடித்து அடைத்தோம். நுரை ஓரங்களில் இருந்தால் தண்ணீர் நிறைந்த படகும் எளிதில் புரளாது. இருக்கை இருந்த இடத்தில் தரையோடு குறுக்கே அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து, இரு பக்கமும் முக்கோணத் தாங்கு தகடு கொடுத்தோம். நடுவில் ஆள் படுக்க இடம் கிடைத்தது.

பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினோம். ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகள். இயந்திரத்தின் எடைக்கு ஈடாகப் பின்புறம் ஒரு மூட்டை. அடைப்பானைப் பிடுங்கிவிட்டோம். தண்ணீர் ஏறி ஏறி விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. படகு சாயவில்லை, தரை தட்டவும் இல்லை.

அன்றைக்கே அந்த அடைப்பானை நைலான் கயிற்றால் படகோடு கட்டிவிட்டேன். வெள்ளம் வரும் இரவிலே அதை யார் தேடுவது?