கொழுந்து லொறியின் ஒயில் பில்டரும் சாரதியின் சம்பளமும்

(தோட்டச் சாரதிகள், கராஜ் தொழிலாளர்கள், அவர்களது குடும்பத்தினர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று வந்திருப்பீர்கள். மேசையில் ஒயில் பில்டர் இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள். இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுத்தான்.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குவோம். மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய லொறி அது. பின்னேரக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரி ஏற்றத்தில் ஏறும்போது ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. எஞ்சின் தட்டத் தொடங்கியது. நிறுத்த இடம் தேடுவதற்குள் இறுகி நின்றுவிட்டது. சாக்குகளுக்கு மேலே நம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்குக் கிடைக்கும் துணைப் பலமும் சில மிதியிலேயே தீர்ந்துவிடும். சாரதி அண்ணன் சில்லை மண்மேட்டில் முட்டி நிறுத்தியதால் ஒருவருக்கும் காயமில்லை. கொழுந்து மட்டும் சாக்குக்குள் சூடேறிச் சிவந்துபோனது.

மூன்றாம் நாள் ஒபிசிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. கவனக்குறைவாம். எஞ்சின் செலவில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். சம்மதம் என்று கையொப்பம் வைக்கும்படி கேட்டிருந்தார்கள். அவர் கையொப்பம் வைக்காமல் சங்கத்திடம் வந்தார். நாம் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: “கழற்றிய பில்டர் எங்கே?”

அதைக் கராஜில் அறுத்துப் பார்த்தோம். உள்ளே மடிப்புக் கடதாசி நசுங்கிக் கிடந்தது. ஓரத்துப் பசை விட்டிருந்தது. மடிப்புகளுக்குள் பெயாரிங்கின் உலோகத் தூள் மினுங்கியது. களஞ்சியத்தில் விசாரித்தால், வந்த விலைகளில் குறைந்ததைப் பார்த்து வாங்கியது என்றார்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லை. அந்தக் கடிதம் பிறகு மீளப் பெறப்பட்டது.

இனி பில்டருக்கு வருவோம். தேத்தண்ணி வடிக்கும் வடி எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒயில் பில்டரும் ஒரு வடிதான். டீசல் எஞ்சினில் கரி கூடுதலாக உண்டாகும். ஓடித் தேய்ந்த எஞ்சினில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி அந்தக் கரி அதிகமாக ஒயிலில் இறங்கும். தேய்மானத் தூளும் அதில் சேரும். வடி அடைத்துக்கொண்டால் சாயம் விளிம்பால் வழியுமல்லவா? அதுபோல, அடைத்த பில்டரில் ஒரு சிறிய வால்வு திறக்கும். எஞ்சின் வறண்டு சாகாமல் இருக்க, வடிக்காத ஒயிலை அப்படியே உள்ளே விடும். ஆகவே அடைத்த பில்டரோடு ஓடும் லொறி வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே அழுக்கு ஒயில் பெயாரிங்கை அரைத்துக்கொண்டிருக்கும்.

மட்டமான பில்டரில் அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் எப்போதும் வடிக்காத ஒயில்தான் போகும். மிக இறுக்கமாக இருந்தால், நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் காலையில் ஒயில் தடித்திருக்கும்போது, அந்த அழுத்தம் கடதாசியை நசுக்கும். சில எஞ்சின்களில் இந்த வால்வு பில்டருக்குள் இல்லை, எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும். அதனால்தான் “மரை பொருந்துகிறது, போடு” என்பது தவறு. மரை பொருந்தும் இரண்டு பில்டர்கள் உள்ளே வேறுவேறாக இருக்கலாம். கைநூலில் உள்ள இலக்கத்தைப் பார்த்து, அதற்குச் சரியான பில்டரையே கேட்க வேண்டும்.

இன்னொரு வால்வு இருக்கிறது, றப்பரால் ஆனது. இரவில் லொறி நிற்கும்போது பில்டரிலுள்ள ஒயில் கீழே வடிந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. பில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பூட்டியிருக்கும் எஞ்சினுக்கு இது மிக அவசியம். காலையில் ஸ்டார்ட் செய்தபின் ஒயில் விளக்கு அணையச் சுணங்குகிறதா, முதலில் தட்டும் சத்தம் கேட்கிறதா? புதுப் பில்டர் போட்ட பிறகு இது தொடங்கியிருந்தால் முதலில் பில்டரைச் சந்தேகப்படுங்கள்.

“பழைய எஞ்சினுக்கு மிக நுண்ணிய பில்டர் நல்லதுதானே?” என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். அழுக்குக் கூடிய எஞ்சினில் நுண்ணிய வடி, பரப்பும் குறைவாக இருந்தால், சீக்கிரம் அடைக்கும். நிறைய அழுக்கைத் தாங்கும், மடிப்புப் பரப்புக் கூடிய பில்டர்தான் தேவை. டீசல் கரியின் பெரும்பகுதி எந்தச் சாதாரண பில்டருக்கும் அகப்படாத அளவு நுண்மையானது. அது ஒயிலை மாற்றினால்தான் வெளியே போகும். நல்ல பில்டர் போட்டாலும் ஒயில் மாற்றும் நாள் தள்ளிப்போகாது.

அந்த நாளை எப்படிக் கணக்கிடுவது? மீற்றரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியும் வரை எஞ்சின் ஓடுகிறது. ஏற்றத்தில் முதல் கியரில் முனகுகிறது. மீற்றர் நாலு கிலோமீற்றர் காட்டும். எஞ்சின் ஒரு மணித்தியாலம் உழைத்திருக்கும். கைநூல்களில் இப்படிக் கடினமாக ஓடும் வாகனங்களுக்குக் குறைந்த இடைவெளி தனியாகச் சொல்லியிருப்பார்கள். நம் லொறிகளுக்கு அதுதான் கணக்கு.

மாற்றும்போது பழைய றப்பர் வோஷர் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஓடும்போது பிதுங்கி, ஒயில் முழுவதும் கொட்டிவிடும். புது வோஷரில் கொஞ்சம் ஒயில் பூசுங்கள். பில்டரின் மேல் எழுதியிருக்கும் அளவுக்குக் கையால் இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து, விளக்கு அணையும் வரை அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள். பிறகு ஒழுகுகிறதா என்று பார்த்து, எஞ்சினை நிறுத்தி ஒயில் அளவையும் பாருங்கள். நல்ல ஒயிலும் நல்ல பில்டரும் போட்டபின், சூடான எஞ்சினில் விளக்கு மினுங்கினால் அந்த லொறியில் ஆள் ஏற்றாதீர்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இத்தனையும் தெரிந்தாலும், பில்டரை வாங்கும் பேனா நம் கையில் இல்லை. அதனால் நம் கோரிக்கைகள் நான்கு. பில்டரும் ஒயிலும் கைநூல் இலக்கப்படி, பற்றுச்சீட்டோடு வாங்கப்பட வேண்டும். ஒவ்வொரு லொறிக்கும் ஒரு புத்தகம் வைத்து, மாற்றிய திகதி, மீற்றர், பில்டர் இலக்கம் எழுதி, சாரதியும் கராஜ்காரரும் கையொப்பமிட வேண்டும். கழற்றிய பில்டரை அறுத்துப் பார்த்த பிறகே வீச வேண்டும். சாரதி எழுதிக் கொடுத்த குறைக்கு எழுத்திலேயே பதில் வர வேண்டும்.

கடைசியாக ஒரு விடயம். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத்தான், அதையும் தொழிலாளியின் சம்மதத்தோடுதான் சம்பளத்தில் கழிக்கலாம். அந்தச் சம்மதத்தை வாங்கத்தான் அவசரக் கடிதம் வருகிறது. வாசிக்காமல், சங்கத்திடம் காட்டாமல் கையொப்பம் வைக்காதீர்கள். வாசிக்கச் சிரமமென்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்.

அந்த லொறி இப்போது மறுபடி ஓடுகிறது. அதே அண்ணன்தான் ஓட்டுகிறார். அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஒரு சி.ஆர். கொப்பி தொங்குகிறது. கூட்டம் முடிந்து போகும்போது எல்லோரும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் தோட்டத்திலும் ஒன்றைத் தொடங்குங்கள்.