குடியிருப்பில் ஒரு கலைமாலை



அயல் மாநிலத்தில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் குடியேறினால், அங்கே ஒரு சங்கமோ சபையோ தோன்றிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மையும் உண்டு. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ஆம் ஆண்டிலும், மும்பையின் சண்முகானந்தா சபை 1952-ஆம் ஆண்டிலும் தோன்றியவை. தாயகத்துப் பெரும் வித்துவான்களையும் அறிஞர்களையும் வரவழைத்து, நம் கலைகளோடு நமக்குள்ள தொடர்பு அற்றுப்போகாமல் காத்த பெருமை இத்தகைய அமைப்புகளைச் சாரும்.

ஆயினும் அவ்விழாக்களில் நாம் பெரும்பாலும் கேட்பவர்களாகவே அமர்ந்திருக்கிறோம். நம் குடியிருப்பிலேயே எழுதுவோரும் பாடுவோரும் வரைவோரும் இருக்கிறார்களே, அவர்களுக்கு மேடை எங்கே? அலுவலகக் கோப்புகளுக்கு இடையே கவிதை புனைபவர் ஒருவர். பிற்பகல் ஓய்வில் நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதிவைக்கும் அம்மையார் ஒருவர். மாற்றல் உத்தரவு வந்து வீட்டைக் காலி செய்யும் நாளில், அந்த நோட்டுப் புத்தகம் பழைய காகிதம் வாங்குபவரின் தராசில் ஏறிவிடுகிறது. ஒருவர்கூடப் படிக்காமலே ஓர் எழுத்து மறைந்துபோகிறது.

இந்த இழப்பு சிறிதன்று. தில்லி வாழ்க்கையைத் தமிழில் நமக்குக் காட்டியவர்கள் தில்லியில் வாழ்ந்தவர்களே. இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’யையும், ஆதவனின் ‘காகித மலர்கள்’ நாவலையும் தாயகத்தில் இருந்துகொண்டு எழுதியிருக்க இயலாது. நாம் குடியேறிய ஊரைப் பற்றி நாமே எழுதினாலன்றி வேறு யார் எழுதுவார்?

ஆகவே, ஆண்டுக்கு இருமுறையேனும் குடியிருப்பின் கலைஞர்களுக்கென்றே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவோமாக. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சமுதாயக் கூடமும் சில ஜமுக்காளங்களும் போதும். பள்ளித் தேர்வுக் காலத்தையும், வட நாட்டுக் கடுங்குளிரையும் கோடையையும் தவிர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். கதையோ கவிதையோ படிப்பவருக்கு எட்டு நிமிடம்; இரண்டு வாசிப்புக்கு ஒரு பாட்டு அல்லது வீணை. தலைமையுரை, பொன்னாடை, மாலை மரியாதை ஆகியவற்றை விட்டுவிட்டால் நேரம் தானே கிடைக்கும். சிறுவர் வரைந்த ஓவியங்களைச் சிறுவரின் கண்ணுயரத்திலேயே சுவரில் மாட்டுங்கள். கோலம் போடுவதில் தேர்ந்த பெண்டிர் வாசலை அலங்கரிப்பார்கள். அவர்கள் பெயரும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறட்டும். நடுவே தேநீருக்கு அரைமணி நேரம் விடுவது மிகவும் அவசியம். கதை படித்த அம்மையாரிடம், “அந்தப் பாத்திரம் யாரம்மா?” என்று ஒருவர் கேட்பது அப்போதுதான்.

மற்றொன்றும் கூற விரும்புகிறேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபியரையும் வங்காளியரையும் அழையுங்கள். பார்வையாளராக மட்டுமன்றி, பங்கேற்பவராகவும் அழையுங்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு யோசனை: படைப்பு முழுவதையும் பெயர்க்க முயல வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மிகாத இந்திச் சுருக்கத்தை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டால், மூலத்தின் ஓசையை அவர்கள் நிம்மதியாகக் கேட்பார்கள். 1953, 1954-ஆம் ஆண்டுகளில் தோன்றிய சங்கீத நாடக, சாகித்திய, லலித கலை அக்காதெமிகள் மூன்றும் தலைநகரில் இரவீந்திர பவனம் என்னும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. எழுத்தும் இசையும் ஓவியமும் பல மொழியினரும் ஒரு கூரையின்கீழ்க் கூடும் அவ்வேற்பாட்டை நம் தெருவிலும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம்.

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க அறியார். தமிழை அவர்கள் தாத்தா பாட்டியின் மொழியாக, விடுமுறையில் போகும் ஊரின் மொழியாக எண்ணுகிறார்கள். தாங்கள் விளையாடும் பூங்காவும் ஏறிச்செல்லும் பேருந்தும் ஒரு தமிழ்க் கதையில் வரக் கேட்கும் குழந்தை, அக்கதையைத் தானே படிக்க விரும்பக்கூடும்.

மாலை முடிந்ததும், வாசித்தவற்றின் படிகளைத் திரட்டித் தைத்து ஒரு தொகுதியாக்கி, குடியிருப்பின் நூலகத்திலோ சங்கத்திலோ வைத்துவிடுங்கள். மாற்றலாகிப் போகிறவர் போனாலும் அவர் எழுத்து அங்கே இருக்கும்.