கரியும் காற்றும் கணக்கும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகள் நாளை படிவம் 4-இல் வேதியியல் படிக்கப் போகலாம். அங்கே 'மோல்' கணக்கு என்று ஒன்று வரும். அதைப் பார்த்ததும், "இது நமக்குச் சரிப்பட்டு வராதுப்பா" என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. ஒதுங்கத் தேவையில்லை என்று சொல்லவே வந்தேன்.

கடையில் ஆணியை யாராவது எண்ணியா விற்கிறார்கள்? நிறுத்துத்தான் கொடுக்கிறார்கள். ஓர் ஆணியின் எடை தெரிந்தால், ஒரு கிலோவுக்கு எத்தனை ஆணி என்று சொல்லிவிடலாம். மோலும் அவ்வளவுதான். டஜன் என்றால் 12. மோல் என்றால் மிகப் பெரிய ஓர் எண்ணிக்கை. 6-க்குப் பின்னால் 23 சைபர் போட்டுக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அணுக்களை நிறுத்து எண்ணும் வழி அது.

ஒரு கணக்குப் போடுவோம். அடுப்புக்கரியில் பெரும்பகுதி கார்பன். 12 கிராம் கார்பன் 1 மோல். அது முழுதாக எரிய 1 மோல் பிராணவாயு, அதாவது 32 கிராம் வேண்டும். கிடைப்பது 44 கிராம் கரிவளி. 12-உம் 32-உம் 44. வரவும் செலவும் சரி!

இப்போது 1.2 கிலோ கரி. 1,200-ஐ 12-ஆல் வகுத்தால் 100 மோல். பிராணவாயுவும் 100 மோல் வேண்டும். ஒரு மோல் வாயு அறையில் ஏறக்குறைய 24 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக, 2,400 லிட்டர். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. எனவே 12,000 லிட்டர் காற்று தேவை. பத்தடிக்குப் பத்தடி, எட்டடி உயரமுள்ள அறையில் இருப்பதோ சுமார் 22,600 லிட்டர். பாதிக்கு மேல் அந்தக் கரிக்கே போய்விடும்!

காற்று பற்றாவிட்டால் கரி அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் இருந்தாலே போதும். ஆகவே தாய்மார்களே, மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு மூட்டாதீர்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள்.

இதே வாயுவை வேலை வாங்கியவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். செமிலிங்குக்கு அருகே சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய இரும்பு உலைகள் வெளிப்பட்டன. உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்களும் கிடைத்தன. இரும்பு உலையில் கரி எரிந்து பிறக்கும் அந்த வாயுதான் கல்லிலிருந்து பிராணவாயுவைப் பறித்து, இரும்பைத் தனியே விடுகிறது. கடாரத்துக் கொல்லர்களுக்கு மோல் தெரியாது. ஆனால் கரிக்கு எவ்வளவு காற்று என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

கைக்குத் தெரிந்ததைத் தாளில் எழுதுவதே கணக்கு. பெற்றோர்களே, பிள்ளை தடுமாறினால், "உனக்கு வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எடையைப் பார், வகுத்துப் பார்" என்று சொல்லுங்கள். வரும்!