வீழ்ந்த மரத்தின் யாத்திரை: மாநாட்டுத் தலைமை உரை



காட்டில் விழுந்து மக்கும் மரத்தைப் பற்றி ஆராயப் பெரியதாழைக் கடற்கரையில் கூடுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பாபநாசம், சேர்வலாறு அணைகள் எழும் முன்னர், பொதிகையில் முதுமையாலோ சூறைக்காற்றாலோ சாய்ந்த மரம், ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் தாமிரபரணியோடு உருண்டு, புன்னைக்காயலில் கடல் புகுந்து, நீரோட்டம் விட்ட கரையில் ஒதுங்குவதற்கு வழி இருந்தது. ஆதலின் இவ்விஷயத்துக்கு மலை ஒரு முனையென்றால் கடல் மறுமுனையாகும்.

நிற்கும் மரத்தின் தண்டில், பட்டையை ஒட்டிய பாகம் நீங்கலாகப் பெரும்பகுதி உயிரற்ற கட்டையே. விழுந்த பின்னரோ அதனுள் ஜீவராசிகள் பெருகுகின்றன. களக்காடு முண்டந்துறை வனத்தில் பல மழைக்காலம் கண்ட ஒரு கட்டையின் பட்டையைப் பெயர்த்தால், ஈரம் கசியும் மரத்தில் வெண்ணிறப் பூஞ்சை இழைகள் படர்ந்திருப்பதையும், வண்டுப் புழுக்கள் குடைந்த தடங்களில் மரவட்டைகள் பதுங்கியிருப்பதையும் காணலாம். கோடையிலும் அக்கட்டை நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அதன்மேல் பாசி படிகிறது, நாற்று முளைக்கிறது. இங்கிலாந்தின் பிராணிசாஸ்திர நிபுணர் சார்லஸ் எல்ட்டன், வீழ்ந்த மரங்களை அகற்றினால் காட்டுப் பிராணிவர்க்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டமாகலாம் என்று 1966இல் மதிப்பிட்டார்.

ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் மரமோ நீரின் வேகத்தைத் தணித்து, மேற்புறம் மணலையும் சருகையும் தேக்கி, கீழ்ப்புறம் மடுவைத் தோண்டுகிறது. சருகைப் பூச்சிகளும், பூச்சிகளை மீன்களும் உண்கின்றன. வட அமெரிக்காவில் மீனின் வழியை மறிக்கிறதென்று பல்லாண்டு ஆற்றுக் கட்டைகளை அகற்றியவர்கள், பின்னர் பெரும்பொருள் செலவிட்டு அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள்.

கடல் சேர்ந்த மரத்தை உணவாக்கும் பணியைத் தொடர்வது, கட்டுமரத்தையும் வள்ளத்தையும் துளைப்பதனால் பரதவ மக்கள் சபிக்கும் கப்பற்புழு என்னும் பிராணி. கரையொதுங்கிய கட்டையைப் பிளந்தால் சுண்ணாம்பு பூசிய விரலளவுத் துளைகள் தென்படும். பார்வைக்குப் புழுப்போலிருப்பினும் அது இரு ஓடுள்ள சிப்பியினம். இக்கடற்கரைக்குப் புகழ் தந்த முத்துச்சிப்பிக்குத் தூரத்து உறவு. முத்துக்குளிப்பு 1961உடன் ஓய்ந்துவிட்டது. இந்த உறவினனோ தன் செவுள்களில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் மரத்தைச் சீரணித்து, காட்டின் சத்தைக் கடலின் உணவாக்கிக் கொண்டிருக்கிறான். ஆழ்கடலில் வாழும் இதன் உறவினங்கள், 1,830 மீட்டர் ஆழத்தில் வைத்த பலகைகளைச் சில மாதங்களில் சல்லடையாக்கியதை 1973இல் சிப்பியின நிபுணர் ரூத் டர்னர் அம்மையார் வெளிப்படுத்தினார்.

எனினும், எல்லாக் கட்டையும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று நான் வாதிக்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நேரில் கண்டவர்கள், பாலத்தின் கண்களையும் மதகுகளையும் மரம் அடைத்தால் நேரும் அனர்த்தத்தை அறிவார்கள். அங்கே அகற்றுவதே முறை. அடிவாரத்து ஏழைப் பெண்கள் பொறுக்கும் சுள்ளியையும் நான் குறை கூறேன். நான் வருந்துவது, ஆபத்து எதுவும் இல்லாத மேலோடைகளிலும், சுத்தம் என்னும் பெயரால் பெருந்தண்டுகளை அறுத்து அப்புறப்படுத்தும் வழக்கத்தைப் பற்றியே. எந்தத் தண்டை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும், அணையில் தேங்கும் மரங்களுக்கு என்ன வழி என்பவற்றை, வனத்துறையினரையும் கடலோடிகளையும் ஒருங்கே இருத்திப் பேசி முடிவுசெய்யும்படி வேண்டிக்கொண்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.