மேற்கோள் எண்ணிக்கையும் மருத்துவ உண்மையும்

இரத்தக் குழாய் உயிரியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று 1989 ஏப்ரலில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் ஐவர். முதல் பெயர் டேனியல் ஸ்டைன்பெர்க். அடுத்த பெயர் சம்பத் பார்த்தசாரதி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் முனைவர் பட்டம் பெற்ற பார்த்தசாரதி, அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றி வந்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அக்கட்டுரையை ஆயிரக்கணக்கான முறை எடுத்தாண்டிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது பெரம்பலூரிலும் அரியலூரிலும் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவரும் தலைமுறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதாத மருத்துவரும் யாரோ எழுதிய ஆய்வை நம்பித்தான் மருந்துச்சீட்டு எழுதுகிறார்.

தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிவது எப்படி என்ற கேள்விக்கே அக்கட்டுரை விடை தேடியது. அக்கேள்வியில் 1970களின் இறுதியில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. படிவின் தொடக்க நிலையில் கொழுப்பு நிரம்பிய நுரைச் செல்கள் தென்படும். அவற்றில் பெரும்பாலானவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள். ஆனால் இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகளை ஆய்வகத்தில் இயல்பான நிலையில் கொடுத்தால் அந்தச் செல்கள் மிக மெதுவாகவே உள்வாங்கின. ஜோசப் கோல்ட்ஸ்டைன், மைக்கேல் பிரவுன் குழுவினர் எல்.டி.எல்.-ஐ வேதிமுறையில் மாற்றி, அசிட்டைல் ஏற்றிக் கொடுத்தபோது அதே செல்கள் அதை வேகமாக விழுங்கியதை 1979இல் காட்டினர். அசிட்டைல் ஏற்றிய எல்.டி.எல். உடலில் உருவாவதற்குச் சான்று இல்லை. அப்படியானால் உடலுக்குள் அதை மாற்றுவது எது என்ற கேள்வி எஞ்சியது.

ஸ்டைன்பெர்க் குழு 1981இல் விடையின் முதல் நுனியைப் பிடித்தது. இரத்தக் குழாயின் உட்பரப்புச் செல்களோடு எல்.டி.எல்.-ஐச் சேர்த்து வைத்தாலே அது மாறிப்போனது. மேக்ரோஃபேஜ் அதை ஆவலோடு ஏற்றது. மாற்றம் என்னவென்று 1984இல் பார்த்தசாரதியும் உடனுழைத்தவர்களும் விளக்கினர். மின்புலத்தில் ஓடவிட்டால், மாறிய எல்.டி.எல். இயல்பானதைவிட வேகமாக நேர்முனையை நோக்கி நகர்ந்தது. அதிலிருந்த பாஸ்போலிப்பிடு சிதைந்திருந்தது. செல் வளர்ப்புக் கரைசலில் வைட்டமின் இ சேர்த்தால் மாற்றம் நின்றது. நடந்தது ஆக்சிஜனேற்றம் என்பது தெளிவாயிற்று.

புரோபுகால் என்ற மருந்து இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதை 1986இல் பார்த்தசாரதி காட்டினார். பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்த முயல்களில் அதே மருந்து தமனிப் படிவின் வளர்ச்சியைக் குறைத்ததை அடுத்த ஆண்டு அக்குழு வெளியிட்டது. ஆக்சிஜனேற்றம் பெற்ற எல்.டி.எல். இரத்தத்திலுள்ள, மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய மோனோசைட்டு வெள்ளணுக்களைத் தமனிச் சுவருக்கு ஈர்க்கிறது, அங்கே மேக்ரோஃபேஜின் நகர்வை முடக்குகிறது என்ற முடிவும் 1987இல் வந்தது. இவை அனைத்தையும் கோத்து ஒரே கருதுகோளாக நிறுத்தியதுதான் 1989 கட்டுரை.

இத்தகைய கட்டுரையின் தாக்கத்தை எண்ணால் அளக்கும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளுக்குக் கணித அளவீடு வேண்டும் என்று 1948இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் முன்மொழிந்தார். எந்தக் கட்டுரையை யார் எடுத்தாண்டார் என்று தொகுக்கும் யோசனையை 1955இல் முன்வைத்த யூஜின் கார்ஃபீல்டு, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் ‘எச்’ குறியீட்டை உருவாக்கினார். ஒருவரின் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் பெற்றிருந்து, 41 என்ற அளவை அவர் எட்டாதிருந்தால் அவருடைய குறியீடு 40.

இந்த அளவுகோல்களின் வரம்பு 1989 கட்டுரையிலேயே தெரிகிறது. அது புதிய சோதனை முடிவுகளின் அறிக்கை அன்று. பல ஆண்டு முடிவுகளைத் தொகுத்த கட்டுரை. தொகுப்புரைகள் பொதுவாகவே மூல ஆய்வுகளைவிட அதிக மேற்கோள் பெறும். ஐந்து ஆசிரியர்களின் கணக்கிலும் முழு எண்ணிக்கையும் ஏறும். யார் எவ்வளவு உழைத்தார் என்பது அதில் இராது. ஏற்று எழுதியவரின் மேற்கோளும் மறுத்து எழுதியவரின் மேற்கோளும் ஒன்றாகவே எண்ணப்படும். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைக் குறிக்கும் தாக்கக் காரணியை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை வலியுறுத்தியதும் இத்தகைய குறைகளை முன்னிட்டே.

கருதுகோளின் உண்மையான சோதனை நோயாளிகளிடம் நடந்தது. ஆக்சிஜனேற்றம்தான் காரணம் என்றால் வைட்டமின் இ மாரடைப்பைத் தடுக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் 2,002 பேரிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், உயிரிழப்பில் முடியாத மாரடைப்பு 77 விழுக்காடு குறைந்தது. ஆனால் இதய நோயால் ஏற்பட்ட இறப்பு குறையவில்லை. பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. 2000இல் வெளியான ‘ஹோப்’ ஆய்வில் 9,541 பேர் பங்கேற்றனர்; வைட்டமின் இ பயன் தரவில்லை. 2002இல் வெளியான பிரிட்டன் இதயக் காப்பு ஆய்வில் 20,536 பேர் இருந்தனர். அந்த ஒரே ஆய்வுக்குள், எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின் என்ற மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. வைட்டமின்கள் எதையும் குறைக்கவில்லை.

எல்.டி.எல்.-ஐக் குறைப்பது உயிர் காக்கும் என்பது உறுதியானது. வைட்டமின் மாத்திரை காக்கும் என்பது பொய்த்தது. தமனிச் சுவரில் ஆக்சிஜனேற்றம் நிகழ்கிறது என்ற கண்டுபிடிப்பு இதனால் பொய்யாகிவிடவில்லை. பார்த்தசாரதியின் குழுவே கேள்வியைத் தொடர்ந்தது. உடற்பயிற்சி ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கினாலும் இதயத்துக்கு நன்மை செய்வது ஏன் என்று ஆராய்ந்தது. எலிகளில் பயிற்சி தமனியின் சொந்தத் தற்காப்பை வளர்ப்பதையும், வைட்டமின் இ அந்த நன்மையைப் பறிப்பதுபோல் தோன்றுவதையும் 2001இல் வெளியிட்டது. தன் கருதுகோளிலிருந்து எழுந்த நம்பிக்கையைத் தானே சோதிக்கும் இந்த நேர்மையை எந்தக் குறியீடும் கணக்கிடுவதில்லை. ஆய்வாளரின் தகுதியில் முதலாவது அதுவே.

இரத்தக் குழாய் நோய் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அன்றாடப் பிரச்சினை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் அந்நோய்க்கு வழிவகுக்கும் சர்க்கரை நோய் 10.1 கோடிப் பேருக்கும் உயர் இரத்த அழுத்தம் 31.5 கோடிப் பேருக்கும் இருப்பதாக மதிப்பிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் இவற்றுக்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதால் கற்பித்தலும் சிகிச்சையும் இங்கேயே நடக்கின்றன. ஆய்வும் இங்கேயே வேர்விட வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமென்ட் ஆலையிலும் தூசியில் உழைப்பவரின் தமனிக்கு என்ன ஆகிறது, கோடை வெயிலில் பருத்திக் காட்டில் நிற்பவர் இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்பன இம்மண்ணில் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்கான விடைகள் உலக அளவில் குறைவாகவே மேற்கோள் பெறலாம். அவற்றால் பயன்பெறுவோர் அரியலூர், பெரம்பலூர் மக்களாக இருப்பார்கள்.

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்கு ஆய்வு வெளியீடுகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. எண்ணுக்காக எழுதும் சபலம் அங்கே தொடங்குகிறது. பட்டம் பெறுவோர் ஒரு கட்டுரையை எடுத்தால் அது சோதனையா தொகுப்பா, செல்லிலா விலங்கிலா மனிதரிலா, நோயாளியின் உயிருக்கு என்ன மாறியது என்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள். தாம் எழுதினால், மறுக்கப்படக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதக் கடமைப்பட்டவர்கள். ஒரு கருத்து எவ்வளவு தூரம் பேசப்பட்டது என்பதை மேற்கோள் எண்ணிக்கை காட்டும். அது உண்மையா என்பதைச் சோதனைதான் காட்டும்.