பேய்க் கதைகள் யாரைக் கண்டு அஞ்சச் சொல்கின்றன?

(திருவனந்தபுரத்தில் வாசகர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



பேய்க் கதை என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. விடிய விடியப் படித்துவிட்டு, படித்ததை வெளியே சொல்லக் கூசுவோரும் உண்டு. இரண்டுமே நேர்மையான வாசிப்பு ஆகாது. அச்சமூட்டும் நூலையும் பிற நூல்களைப் போலவே எடைபோட வேண்டும். அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்நூல் யாரைக் கண்டு அஞ்சச் சொல்கிறது?

கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’ 1909 முதல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அலுப்பின்றிப் படிக்கலாம், கதை சொல்லும் ஆற்றலில் குறை காண இயலாது. ஆனால் அதன் பரிவு பெரும்பாலும் இல்லங்களின் பக்கமும் அரண்மனைகளின் பக்கமுமே நிற்கிறது. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் வரும் வழியில் மக்களை அச்சுறுத்திய யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் தலையில் ஆணி அறைந்து அடக்குகிறார். கேட்போர் கத்தனாரின் வெற்றியில் மகிழ்கிறார்கள். அதே வட்டாரத்தின் வாய்மொழி மரபு கள்ளியங்காட்டு நீலியைக் குறித்து வேறொன்று சொல்கிறது: நகைக்காகக் கணவனே கொன்ற பெண் அவள். கொன்றவன் பேயாகவில்லை, கொலையுண்டவளே பேயானாள். இந்த அநீதியைக் காணாமல் நீலி கதையைப் படித்தவர் பாதிக் கதையையே படித்தவர்.

மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யட்சி’ (1967) இக்கேள்வியைத் துணிவுடன் எதிர்கொள்கிறது. ஆய்வகத்தில் முகம் சிதைந்த வேதியியல் விரிவுரையாளன், தன்னை நேசிக்கும் பெண்ணையே யட்சி என ஐயுறுகிறான். ஐயம் கொலையில் முடிகிறது. படித்தவனின் மூளையில் பேய் குடியேறும் விதம்தான் நாவலின் உண்மையான திகில். மாந்திரீகச் செய்திகள் மிகுந்து கதையைச் சில இடங்களில் தளரச் செய்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இது வெறும் இலக்கிய விவாதமன்று. 2022 அக்டோபரில் பத்தனம்திட்டா மாவட்டத்து இலந்தூரில் நரபலிக் கொலைகள் வெளிப்பட்டன. பலியான பெண்கள் இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தருமபுரியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். மாந்திரீகத்தை மெய்யென விற்கும் மலிவுப் புத்தகத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) கோட்டைக் காட்சிகளில் ஈடற்றது. பிற்பகுதி நாட்குறிப்புகளும் கடிதங்களும் நீண்டு சோர்வு தருகின்றன. கிழக்கிலிருந்து வரும் அந்நியனே அங்கே அச்சத்தின் உருவம். அதற்கு 30 ஆண்டுகள் முன்பே ‘மூலதனம்’ நூலில், வேலைநாளைப் பற்றி எழுதுகையில், மூலதனத்தை இரத்தம் குடிக்கும் காட்டேரிக்கு ஒப்பிட்டார் மார்க்ஸ். அவர் சுட்டிய காட்டேரி உள்ளூரிலேயே, ஆலைக்குள்ளேயே இருந்தது.

பேயே இல்லாத நூல் ஒன்றையும் இவ்வரிசையில் வைக்கலாம். இந்நகரின் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவனின் ‘கடைத்தெருக் கதைகள்’ அது. சுமை தூக்குவோரும் சில்லறைத் திருடர்களும் அதில் நடமாடுகிறார்கள். தீர்வு சொல்லவில்லை என்று சிலர் குறைப்படலாம். ஆனால் பசியை அழகுபடுத்தாமல் காட்டியதே அதன் பலம். யட்சியை விடப் பசி கொடியது என்பதை அது உணர்த்துகிறது.

ஆகவே, நூலகத்தில் இளைஞர் ஒருவர் பேய்க் கதை கேட்டால் தடுக்க வேண்டாம். மகிழ்ச்சியுடன் எடுத்துக் கொடுங்கள். திருப்பித் தர வரும்போது, அந்த நூல் யாரைக் கண்டு அஞ்சச் சொன்னது என்று மட்டும் கேளுங்கள்.