புல்லும் ஒரு செல்வமே



சவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் இடையில் அமைந்துள்ளது திருப்பத்தூர். 2019-ஆம் ஆண்டில் இது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இதன் கிழக்கே எழும் மலைமேல் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள் உள. அங்கு வாழும் மலையாளி எனப்படும் தமிழ்ப் பழங்குடியினர் சாமை விளைத்தும் ஆவும் ஆடும் வளர்த்தும் வாழ்கின்றனர். சாமையை அனைவரும் அறிவர். அந்த ஆவையும் ஆட்டையும் புரக்கும் புல்லைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் எத்துணைப் பேர்?

பழந்தமிழர் எண்ணினர். காடும் காடு சார்ந்த மேய்ச்சல் நிலத்திற்கு முல்லை என்று பெயரிட்டனர்; ஆநிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்தனர். இவை ஏட்டளவில் நின்ற செய்திகள் அல்ல. மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா, இம்மலைக்குத் தெற்கே உள்ள இன்றைய செங்கமே. அச்செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் நடுகற்கள் நிரைநிரையாய் நிற்கின்றன. எடுத்தனூர்க் கல்லொன்று, பல்லவ மகேந்திரன் காலத்தில் எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலிற் பட்ட மறவனையும், கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் ஒருங்கே நினைவில் நிறுத்துகின்றது. நாய்க்கும் கல்லெழுத்தில் இடங்கொடுத்த மக்கள், மந்தையை எத்துணைப் பெருஞ்செல்வமாகக் கருதினர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அம்மந்தை மேய்ந்த நிலத்தின் நிலை என்னவாயிற்று? வெள்ளையர் ஆட்சி நிலத்தை வரியால் அளந்தது. வரி தாராத புல்வெளி தரிசெனக் கணக்கேறியது. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்தின்பின், காப்புக் காடுகளில் ஒப்புதலின்றி மேய்ப்பது குற்றமாயிற்று. ஊர்ப்பொதுவுக்கென ஒதுக்கிய நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்னும் சொல்லோ, இன்று வசைச்சொல்லாகித் தெருவில் உலவுகின்றது. பெயர் இழிந்தபின் நிலத்தை மதிப்பார் யார்? மேய்க்கால் நிலங்கள் பல குப்பைமேடும் கட்டடமும் ஆயின.

பழியனைத்தையும் பிறர்மேற் சுமத்திவிடுதலும் முறையன்று. புல்லின் இயல்பறியாது மேய்த்தலும் நிலத்தைக் கெடுக்கும். புல்லின் வளர்முனை தரையை ஒட்டி உள்ளது. ஆதலின் நுனி கடிபட்டாலும் அது மீளத் தழைக்கும். தழைத்து முடிவதற்குள் மீண்டும் மீண்டும் கடிபட்டால், வேரிலுள்ள சேமிப்பு கரையும், வேர் குறுகும், ஈற்றில் தூர் மடியும். பல்லாண்டு வாழும் நற்புல் மடிந்த இடத்தில், மழைக்கு முளைத்து வெயிலுக்குக் கருகும் சிறுபுல்லும் மாடு தீண்டாக் களையும் மிஞ்சும். தரை வெறுமையானால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். செய்யாறு பிறப்பது இச்சவ்வாது மலையிலன்றோ? மலைப்புல்லின் வேர் அற்றால் ஆற்றின் ஊற்றும் வற்றும் என்க.

இன்னொரு பகை உண்ணிச்செடி. அமெரிக்க மண்ணிற்குரிய அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கென்று கொல்கத்தாத் தோட்டத்திற்குக் கொண்டுவந்தனர். அது தமிழகத்து மலைக்காடுகளிலும் புகுந்து புல்லை மூடிவிட்டது. அதன் தழை மாட்டிற்கு நஞ்சு. அதன் கனியோ பறவைக்கு உணவு. பறவை செல்லுமிடமெல்லாம் விதையும் செல்கின்றது. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு அகழ்ந்து, அவ்விடத்தில் நற்புல்லை விதைத்தாலன்றி அது நீங்காது.

மேய்ச்சல் நிலத்தைப் பேணும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. கொங்கு நாட்டிற்குச் சென்று காண்க. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் உழவர் கொறங்காடு என்னும் மேய்ச்சற்காட்டை வளர்க்கின்றனர். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவில் கொழுக்கட்டைப்புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். காட்டைப் பகுதிகளாக்கி, ஒன்றில் மேயவிட்டு மற்றதற்கு ஓய்வு தருவர். காங்கேயக் காளையின் வலிமைக்கு அடிப்படை இம்முறையே. தனியார் நிலத்தின் வேலி மலையின் பொதுநிலத்திற்குப் பொருந்தாது; ஆயினும் மேய்ச்சலுக்குப்பின் ஓய்வு என்னும் நெறி எந்நிலத்திற்கும் பொருந்தும்.

சட்டமும் இன்று ஒருவாறு துணைநிற்கின்றது. 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், காடுவாழ் மக்களின் மேய்ச்சலுரிமையை ஏற்றது. காட்டைக் காக்கும் கடமையையும் ஊரவையிடம் ஒப்படைத்தது. 2022 மார்ச்சுத் திங்களில் சென்னை உயர்நயமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்தது; அதே திங்களில் அத்தடையை நாட்டுப் பூங்காக்கள், காட்டுயிர்ப் புகலிடங்கள், புலிக்காப்பகங்கள் என்னும் அளவில் சுருக்கியது. உரிமை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதை அவ்வாணைகள் காட்டின. கடமையைச் செய்து காட்டுவோரின் உரிமையைப் பறித்தல் எளிதன்று.

செய்யத்தக்கது யாது? மலையூர்ப் பள்ளிதோறும் ஐந்து முழச் சதுரமாய் ஒரு நிலத்தை முள்ளிட்டு அடைக்க. அருகில் அதே அளவு நிலத்தைத் திறந்தே விடுக. ஒரு மழைக்காலம் கழிந்தபின் இரண்டிலும் உள்ள புல்வகைகளைப் பிள்ளைகள் எண்ணட்டும். ஒவ்வொன்றின் ஊர்ப்பெயரையும் மேய்க்கும் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். மழைநீர் எதில் ஊறுகின்றது, எதில் ஓடுகின்றது என்று காணட்டும். நூறு நூல் கற்பிக்காததை அம்முள்வேலி கற்பிக்கும். ஊரவை கூடி, முதல் மழையில் முளைவிடும் புல்லுக்கு ஓய்வும், விதை உதிரும் வரை ஒரு பகுதிக்குக் காப்பும் வகுத்து, அம்முறையை எல்லார்க்கும் ஒப்ப நிறுத்துக.

மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்க்கும் உரிய அனைத்துலக ஆண்டாக 2026-ஐ ஒன்றிய நாடுகள் அவை 2022-இல் அறிவித்தது. முல்லை என்னும் பெயரை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சூட்டிய இனம், அந்நிலத்தின் புற்களுக்குப் பெயர் தெரியாது நிற்றல் தகுமோ? புல்லின் பெயர் மறந்தால் புல்லே மறையும். புல் மறைந்தால் ஆவும் ஆறும் மறையும்.

புல்லைக் கற்க! புல்லைக் காக்க!